உங்கள் வீட்டுக் கணக்கில் 'இதர' எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களின் வீட்டுக்குச் சென்று, அதைப் பொருத்தி இயக்கிக் காட்டுவது என் தொழில். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பக்கத்தில் லாஸ்பேட்டையிலும் பல வீடுகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "இதில் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். "பிள்ளைகள் படிப்புக்கு" என்பார் அப்பா. "கேம்ஸ் போட்டுக் கொடுங்க அங்கிள்" என்பான் மகன். "வீட்டுக் கணக்கு எழுதப் போகிறோம்" என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

என் கருத்து இதுதான். வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டருக்கு நீங்கள் கொடுக்கும் முதல் வேலை குடும்பக் கணக்காக இருக்கட்டும். அந்தக் கணக்கை நீங்கள் மட்டும் எழுதாதீர்கள். பிள்ளையை அருகில் உட்கார வைத்து எழுதுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் தனியாக எழுதிப் பார்த்துத் தோற்றவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கண்ணில் படாத பணம்

எங்கள் ஊரில் பணம் பலமுறை உருவம் மாறியிருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனா வங்கி அச்சிட்ட ரூபாய் நோட்டுகள் இங்கே புழங்கின. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகு அந்த நோட்டுகள் போய், இந்திய ரூபாய் வந்தது. நோட்டில் இருந்த படம் மாறியதே தவிர, பணம் கையில் எண்ணிப் பார்க்கும் பொருளாகவே இருந்தது.

இப்போது நடந்திருக்கும் மாற்றம் வேறு வகை. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தையே குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போடும் முறை தொடங்கியது. பின்னர் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசி என்பது அம்மாவின் போனில் வந்த ஒரு எஸ்.எம்.எஸ். 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் பால் பாக்கெட்டுக்கும் ஸ்கேன், பஜ்ஜிக்கும் ஸ்கேன். கடையிலுள்ள சின்ன ஸ்பீக்கர் தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. அதோடு விஷயம் முடிந்தது.

நாம் சிறுவர்களாக இருந்தபோது யாரும் நமக்குப் பணப் பாடம் நடத்தவில்லை. பத்து ரூபாயைக் கொடுத்து, "கால் கிலோ சர்க்கரை வாங்கிட்டு மீதி சில்லறையை எண்ணி வாங்கு" என்றார்கள். மாதக் கடைசியில் அம்மா அஞ்சறைப் பெட்டியைத் துழாவுவதைப் பார்த்தோம். பள்ளியில் சஞ்சயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே பாஸ்புக் எழுதிப் பணம் கட்டுவார்கள். பணம் குறைவதும் கூடுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய பிள்ளைக்கு அது தெரிவதில்லை. அப்பா போனை நீட்டினால் எதுவும் கிடைக்கும் என்றுதான் அவன் நினைப்பான். அவன்மேல் தப்பில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் போன பணத்தை மறுபடி கண்ணில் காட்டும் வசதி, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்பிரெட் ஷீட்.

நோட்டுப் புத்தகம் போதாதா?

போதும், கூட்டலுக்கு மட்டும் என்றால். ஸ்பிரெட் ஷீட் பிறந்த கதையைக் கேட்டால் வித்தியாசம் புரியும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறினால் என்ன என்று யோசித்தார். பாப் பிராங்க்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற புரோகிராமை வெளியிட்டார். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் அது ஓடியது. இன்றைய எக்ஸெல், கால்க் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பார்க்கும் வசதி நோட்டில் இல்லை. பிள்ளைக்குப் பணம் கற்றுக் கொடுக்க அதைவிட நல்ல கேள்வியும் இல்லை.

"குடும்பக் கணக்குக்கென்றே தனி சாப்ட்வேர் இருக்கிறதே?" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் மைக்ரோசாப்ட் நிறுவனமே 'மணி' என்ற தன் கணக்கு சாப்ட்வேரின் விற்பனையை 2009-இல் நிறுத்திவிட்டது. நிறுவனம் கைவிட்டால் நம் பல வருடக் கணக்கும் அதோடு அநாதையாக நிற்கும். சாதாரண ஷீட்டை இன்று எக்ஸெலில் எழுதினால் நாளை வேறொன்றில் திறக்கலாம். எக்ஸெலை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றால், லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் கால்க் என்ற புரோகிராம் உள்ளது. வீட்டுக் கணக்குக்கு அது தாராளம்.

ஆறே பத்திகள்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஏ1 முதல் எப்1 வரை உள்ள ஆறு செல்களில் தேதி, விவரம், வகை, வரவு, செலவு, கையிருப்பு என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். இரண்டாவது வரிசையில், மாத ஆரம்பத்தில் கையிலும் வங்கியிலும் உள்ள மொத்தப் பணத்தை எப்2 செல்லில் எழுதுங்கள். எப்3 செல்லில் சமக் குறி போட்டு, எப்2 + டி3 - இ3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். முந்தைய இருப்புடன் வரவைக் கூட்டிச் செலவைக் கழி என்பதே இதன் பொருள். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் சிறு சதுரப் புள்ளி தெரியும். மவுஸால் அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா போய்விடும்.

'வகை' என்ற பத்தியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மளிகை, பால், மின்சாரம், படிப்பு, வண்டி, மருந்து என ஏழெட்டுப் பெயர்களை முடிவு செய்து, எப்போதும் அதே சொல்லையே எழுதுங்கள். பிறகு தலைப்பு வரிசையில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் பில்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கால்க்கில் அது ஆட்டோ பில்டர் என்றிருக்கும். தலைப்புகளின் ஓரத்தில் அம்புக்குறிகள் தோன்றும். 'வகை' அம்பில் கிளிக் செய்து 'பால்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் பால் செலவு மட்டும் வரிசையாக நிற்கும்.

இந்த பில்டர்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

இருபத்தாறு தடவை 1,200

2022 டிசம்பரில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். கையில் பணம் இல்லை. குறைத்துச் செய்யவும் மனம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் 40,000 ரூபாய் 'மூணு வட்டி'க்கு வாங்கினேன். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். அதாவது மாதம் 1,200. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று பயம்.

2023 ஜனவரியில் ஷீட்டில் வீட்டுக் கணக்கு எழுதத் தொடங்கினேன். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவன் தானும் எழுத வேண்டுமல்லவா? ஆனால் 1,200 ரூபாயை எழுதாவிட்டால் கையிருப்பு இடித்தது. எழுதினால் மாட்டிக் கொள்வேன். அதனால் 'இதர' என்று எழுதினேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, இதர, 1,200. இரண்டு ஆண்டுகள் கணக்கு அழகாக டேலி ஆனது. எனக்கும் அது பழகிப்போய், கடன் என்ற நினைப்பே மறந்துவிட்டது.

2025 பிப்ரவரியில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் பில்டர் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் செய்து பார்க்க ஒரு பைல் வேண்டும் என்றாள். இந்தா என்று வீட்டுக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மானிட்டரைக் காட்டினாள்.

"அப்பா, இதரன்னா என்னப்பா?"

"சில்லறைச் செலவும்மா. பேரு சொல்ல முடியாததெல்லாம்."

"சில்லறைச் செலவு எப்படிப்பா மாசா மாசம் அதே தேதியில, அதே 1,200 வரும்? இருபத்தாறு தடவை வந்திருக்கு."

தையல் மெஷினை மிதித்துக் கொண்டிருந்த என் மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். "ரெண்டு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டாள் அவள். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். 1,200 ரூபாயை 26-ஆல் பெருக்கச் சொன்னேன். 31,200 என்று வந்தது. அவ்வளவும் வட்டி. அசல் 40,000 அப்படியே நிற்கிறது. "மூணு வட்டின்னா மூணு பர்சென்ட்தானே?" என்று கேட்டாள் மகள். மாதத்துக்கு மூன்று, வருடத்துக்கு முப்பத்தாறு என்று நான் விளக்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அதே காலத்தில் தபால் நிலையத்தில் மாதம் 800 ரூபாய் தொடர் வைப்பும் கட்டி வந்தேன். அதற்குக் கிடைத்த வட்டியோ வருடத்துக்கு ஏழு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கையால் ஏழுக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் முப்பத்தாறுக்கு வாங்கியிருக்கிறேன். சேமிக்கிறோம் என்ற பெருமை வேறு.

அந்தக் கணக்கில் 38 மாதத்துக்கு 30,400 ரூபாய் கட்டியிருந்தேன். மூன்றாண்டு முடிந்துவிட்டதால் முன்கூட்டியே மூட முடிந்தது. சேமிப்புக் கணக்கு வட்டிதான் கொடுத்தார்கள் என்றாலும் 32,000 சொச்சம் வந்தது. மார்ச்சில் 30,000 ரூபாயைக் கடனில் அடைத்தேன். மீதி 10,000. பழைய வட்டி 1,200, தபால் நிலையத்துக்குக் கட்டி வந்த 800 இரண்டையும் சேர்த்து மாதம் 2,000 கட்டினால் என்ன ஆகும் என்று மகள் தனி ஷீட்டில் போட்டுப் பார்த்தாள். ஆறாவது மாதம் முடிகிறது என்றது ஷீட். 2025 செப்டம்பரில் கடைசித் தவணையைக் கட்டினோம். அந்த வரிசைக்கு அவள் மஞ்சள் நிறம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

இதில் கம்ப்யூட்டர் செய்தது சிறிய வேலைதான். அந்த 26 வரிகளும் இரண்டு ஆண்டுகளாக அதே பைலில்தான் இருந்தன. நான் ஒருவனே பார்த்துக் கொண்டிருந்தவரை அவை வெறும் எண்கள். இன்னொருவர் பார்த்ததும் கணக்காயின. தனியாக எழுதும் கணக்கில் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்ள எப்போதும் ஒரு 'இதர' இருக்கும்.

பிள்ளைக்குக் கடன் கவலை எதற்கு?

என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நானும் ஒரு தவறு செய்தேன்.

கடனை அடைத்து வந்த மாதங்களில் ஒருநாள் கணக்கு எழுதும்போது எரிச்சலில், "பாதிப் பணம் உன் படிப்புக்கே போகுது" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவள் பையில் பேனா தேடியபோது பள்ளிச் சுற்றுலா பற்றிய சீட்டு ஒன்று கிடைத்தது. பணம் கட்டும் தேதி தாண்டியிருந்தது. அவள் எங்களிடம் காட்டவே இல்லை. "ஏம்மா சொல்லல?" என்றேன். "இதரல வந்துடும்னுதாம்பா" என்றாள்.

இது எனக்கு வட்டிக் கணக்கைவிடப் பெரிய பாடம். எண்ணைப் பிள்ளைக்குக் காட்டலாம். பிள்ளைமேல் வீசக்கூடாது. இப்போது எங்கள் வீட்டில் சில விதிகள் உண்டு. படிப்புச் செலவைப் பற்றிக் குறை பேசக்கூடாது. கடன் இருந்தால் பிள்ளைக்குத் தெரியலாம், ஆனால் அதை அடைக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுலா, பிறந்தநாள் போன்றவற்றுக்கு 'பிள்ளைகள்' என்று தனி வகை. அதில் மாதம் 300 ரூபாய் ஒதுக்குகிறோம். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

எல்லா வயதுக்கும் எல்லாவற்றையும் காட்டவும் தேவையில்லை. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மின்சாரம் ஒன்றுதான் பொறுப்பு. பில் வந்ததும் தொகையை அவன்தான் டைப் செய்வான். இரண்டு பில்லுக்குப் பிறகு யாரும் சொல்லாமலே பேன் சுவிட்சை அணைக்க ஆரம்பித்தான். மகள் வாரம் ஒருமுறை முழுக் கணக்கையும் பார்ப்பாள். மனைவி ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கும் பணம் என் பழைய கணக்கில் எங்கும் இல்லை. இப்போது வரவுப் பத்தியில் அவள் பெயரில் ஏறுகிறது. சில மாதங்களில் என் வரவைவிட அது அதிகம் என்பதைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தார்கள். நானும்தான்.

"வெளியில் போய்ச் சொல்லிவிடுமே?" என்று கேட்பவர்களுக்கு: வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் பணப் பாடத்தில் ஒரு பகுதிதான். நம்பிக் கொடுத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள்.

இரண்டாவது ஷீட்

அதே பைலின் கீழே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்தால் இன்னொரு ஷீட் கிடைக்கும். அதில் எந்த வங்கியில் கணக்கு, எந்த இன்சூரன்ஸ், எங்கே சீட்டு, நகை எங்கே அடகில், யார் நாமினி என்று எழுதி வையுங்கள். குடும்பத்தலைவர் திடீரென்று போய்விட்டால் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம். யாரும் கேட்காமல் வங்கிகளில் கிடக்கும் டெபாசிட்டுகளைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின், பாஸ்வேர்டு ஆகியவற்றை இந்த பைலில் எழுதவே கூடாது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்குங்கள். பைலுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். அது உங்கள் துணைவருக்கும் தெரிந்திருக்கட்டும். மாதக் கடைசியில் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து பீரோவில் வையுங்கள்.

பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்துவிட்டால் அதன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பத்து வயது நிறைந்தவர்கள் தாமே கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் சொன்னது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் திருத்தி வெளியிட்டபோதும் அதையே உறுதி செய்தது. எவ்வளவு பணம் வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் நிலையத்திலும் இந்த வசதி உண்டு. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால், 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். பாஸ்புக்கைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதிலுள்ள வரிகளை ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு அடுத்த ஆண்டு பத்து வயது நிறைகிறது. கணக்குத் தொடங்க 500 ரூபாய் வேண்டும் என்று உண்டியலில் சேர்த்து வருகிறான். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஷீட்டில் அவனுக்கென்று ஒரு வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறாள் அக்கா.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புது ஷீட்டைத் திறந்து, ஆறு தலைப்புகளை டைப் செய்யுங்கள். கீபோர்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். 'வகை' என்ற பத்திக்கு வந்ததும் 'இதர' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வந்தால் சற்று நிறுத்துங்கள். அந்தச் செலவுக்கு என்ன பெயரோ, அதைச் சொல்லுங்கள்.